ஐம்பது கோழிக்குக் கீழே

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை ஆட்டுக்குப் பேர்போனது. தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் கிராமங்களிலிருந்து விடிவதற்கு முன்பே ஆடுகள் வந்து இறங்கிவிடும். ஆட்டுக்காரர்களின் சத்தத்துக்கு நடுவில், ஓர் ஓரமாக, காலைக் கட்டிய நாலைந்து நாட்டுக்கோழிகளைத் தரையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். அவரிடம் தராசு கிடையாது. வாங்க வருகிறவர் கோழியைத் தூக்கி நெஞ்செலும்பைத் தடவிப் பார்ப்பார், இறகை ஊதித் தோலைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார்.

“என்ன வெல சொல்லுதிய?”

“புடிச்சிப் பாத்தியள்லா, நீங்களே சொல்லுங்க.”

எங்கள் ஆச்சியும் இப்படித்தான் விற்றாள். சந்தைக்குப் போனது குறைவு, வீட்டு வாசலில் விற்றதுதான் அதிகம். ஒரு பஞ்சாரம், ஆறேழு பெட்டை, ஒரு சேவல். அடை வைத்துப் பொரித்தால் பருந்துக்கும் கீரிக்கும் போக மிஞ்சுவது பாதி. கடற்கரையிலிருந்து கருவாடு கொண்டுவரும் அம்மாவுக்கு முட்டையைக் கொடுத்துச் சாளைக்கருவாடு வாங்குவாள். ஊருக்கு விருந்தாளி வந்தால் வெடக்கோழி கேட்டு ஆள் வரும். “அறுத்துச் சுத்தம் பண்ணியே குடுத்துரு ஆச்சி” என்று கேட்பார்கள். மயிர் பிடுங்கி, மஞ்சள் தடவி, பனையோலைத் தீயில் வாட்டி, துண்டு போட்டுக் கொடுப்பாள். அதற்குத் தனியாகக் கொஞ்சம் காசு. அந்தக் காசு தாத்தாவின் கணக்கில் சேராது. சேலை முந்தியில் முடிச்சாகிவிடும்.

இந்தக் கட்டுரை அந்த முடிச்சைப் பற்றியது. அதைச் சட்டம் எங்கே பார்த்தது, எங்கே பார்க்காமல் தாண்டிப் போனது என்பதைப் பற்றியது.

1

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தைப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். அதன்படி உயிரோடிருக்கும் கோழி உணவே கிடையாது. மனிதர் உண்பதற்காகச் சந்தைக்குத் தயார் செய்யப்படும்போதுதான் அது உணவாகிறது. 18ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: இந்தச் சட்டம் விவசாயிக்கும் மீனவருக்கும் அவர்களுடைய தொழிலுக்கும் பொருந்தாது.

ஆச்சி பஞ்சாரத்தைத் திறந்து கோழியை அப்படியே கொடுத்தால் அவள் விவசாயி. அதே கோழியை அறுத்து, மஞ்சள் தடவிக் கொடுத்தால் உணவு வணிகர். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் அரிவாள்மனை.

உணவு வணிகர் ஆனபின் எண்கள் வருகின்றன. 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகளின்படி, ஒரு நாளில் 50 கோழி வரை அறுப்பவர் சிறு வணிகர். அவர் பதிவு செய்துகொண்டால் போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். 50க்கு மேல் 1,000 வரை என்றால் மாநில உரிமம். அதற்கும் மேலே மத்திய உரிமம்.

நாளுக்கு 50 என்றால் ஆண்டுக்கு 18,250 கோழி. எங்கள் ஆச்சி தன் வாழ்நாள் முழுக்க அத்தனை கோழியை அறுத்திருக்க மாட்டாள். சட்டம் வைத்திருக்கும் ஆகச்சிறிய பெட்டி அவளுக்கு அவ்வளவு பெரியது. அதே பெட்டிக்குள்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கூண்டு, வெந்நீர்ப் பானை, இறகு உரிக்கும் இயந்திரம் எல்லாம் வைத்து நாளுக்கு நாற்பது கறிக்கோழி வெட்டும் கடைக்காரரும் இருக்கிறார். மாதத்துக்கு ஒரு கோழி வெட்டுகிறவளும் தினம் நாற்பது வெட்டுகிறவரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே ஆள்.

கடைக்காரராவது பதிவுச் சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டியிருப்பார். ஆச்சிக்கு அப்படி ஒரு காகிதம் இருப்பதே தெரியாது. யாரும் வந்து கேட்டதுமில்லை. ‘அப்புறம் என்ன பிரச்சினை?’ என்று கேட்கலாம். பிரச்சினை, யாராவது வந்து கேட்கும் நாளில்தான். கேட்கப்படாமல் விடப்பட்டவருக்கு உரிமை என்று எதுவும் கிடையாது. கவனிக்கப்படாததால் கிடைத்த இடைவெளி மட்டுமே உண்டு.

விளைவிக்கிறவர் நேரடியாக விற்கலாமா, எவ்வளவு விற்கலாம் என்று அரசு எண்ணிப் பார்ப்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. கோழிக்கு வெகுகாலம் முன்பே முத்துக்கும் உப்புக்கும் அப்படி எண்ணியிருக்கிறார்கள். அந்த இரண்டு கணக்கையும் பார்த்துவிட்டால் கோழிக் கணக்கு இன்னும் தெளிவாகும்.

2

முத்துக்குளிப்பு என்றதும் கொற்கை, பாண்டியர், ஏற்றுமதி என்று போய்விடுகிறோம். கரையில் சிப்பி எப்படிப் பங்கு பிரிந்தது என்பதை யோசிப்பதில்லை. போர்ச்சுகீசியர், 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறின. கடலடியில் இருந்த பார் மட்டும் எப்போதும் ஆட்சியின் சொத்தாகவே இருந்தது. மூச்சடக்கி இறங்கியவர் கூலியைச் சிப்பியாகத்தான் பெற்றார்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடியில் நடந்த முறை இது. படகுகள் மதியத்துக்குமேல் கரை திரும்பும். சிப்பி மூட்டைகள் கொட்டு என்ற வேலியடைத்த இடத்துக்குள் போகும். குளியாளிகள் தாங்களே சிப்பியை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். இரண்டு அரசுக்கு, ஒன்று அவர்களுக்கு. அரசின் குவியல்கள் மாலையில் ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். ஏலம் எடுப்பவர்கள் பெரிய வியாபாரிகள். சிப்பியை நாள்கணக்கில் அழுகவிட்டு, புழு சதையைத் தின்றபின் கழுவி முத்தெடுக்கும் வசதி அவர்களிடம் இருந்தது.

மூன்றாவது குவியல் வேலியைத் தாண்டி வெளியே வரும். வாசலிலேயே சின்ன வியாபாரிகளும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் சூழ்ந்துகொள்வார்கள். கையில் இருக்கும் காசுக்கு ஏற்றபடி சிப்பி கைமாறும். வாங்கியவர் அங்கேயே உட்கார்ந்து கத்தியால் பிளந்து பார்ப்பார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. லாட்டரி மாதிரிதான். ஆனாலும் அது கடலில் இறங்கியவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் ஆளில்லாத விற்பனை.

சும்மா விட்டுவிடவில்லை. நடுக்கடலில் படகிலேயே சிப்பியைத் திறக்கக் கூடாது, முத்தை ஒளிக்கக் கூடாது என்று கடுமையான கட்டுப்பாடு இருந்தது. சோதனை இருந்தது. பல்லாயிரம் பேர் திடீரென்று கூடும் முகாமில், அழுகும் சிப்பியின் நாற்றத்துக்கு நடுவே, காலரா பயமும் நிரந்தரமாக இருந்தது. விதிக்குக் காரணம் இருந்தது. ஆனால் எண்ணி முடித்து மூன்றில் ஒன்று வேலியைத் தாண்டியபின் அதை யாரிடம் விற்கலாம், எவ்வளவுக்கு விற்கலாம் என்று அரசு கேட்கவில்லை.

இதைக் கருணை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பரதவரும் மற்ற குளியாளிகளும் இறங்காவிட்டால் முத்து இல்லை. பத்து பாகம் ஆழத்துக்கு ஓர் அதிகாரியை இறக்க முடியாது. மூன்றில் ஒரு பங்கு என்பது அந்தத் தேவையின் விலை. 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிப் பெரிய குளிப்பு. அதோடு அந்த வாசலும் மூடிக்கொண்டது.

3

உப்பின் கணக்கு வேறு மாதிரி. முத்தை எடுக்க ஆள் வேண்டும். உப்புக்குக் கடலும் வெயிலும் போதும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதனாலேயே அதை அரசு இறுக்கிப் பிடித்தது. உப்புக்கு வரி போட்டால்தான் வருமானம், வரி வாங்க வேண்டுமென்றால் யாரும் தானாக எடுக்கக் கூடாது.

1930இல் காந்தி தண்டிக்கும், ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கும் நடந்தார்கள். அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதன் பலனாக வந்த 1931 மார்ச் காந்தி–இர்வின் ஒப்பந்தத்தின் உப்புப் பகுதியை அதிகம் பேர் படிப்பதில்லை. உப்பு விளையும் இடத்தை ஒட்டிய கிராமத்து மக்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கும், அந்தக் கிராமத்துக்குள் விற்பதற்கும் உப்பு எடுக்கலாம். வெளியூர்க்காரருக்கு விற்கக் கூடாது. வரி அப்படியே நீடித்தது. அத்தனை பேர் சிறை போனதற்குக் கிடைத்தது இவ்வளவுதானா என்று அன்றைக்கே பலருக்கு ஏமாற்றம்.

ஆனால் அந்த வரியில் ஒரு கருத்து இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்பது வேறு, வணிகம் வேறு என்று ஓர் ஏகாதிபத்தியம் எழுத்தில் ஒத்துக்கொண்டது. தெரிந்த முகத்துக்கு விற்கும் விற்பனையைத் தனியாகப் பிரித்து, அதற்கு ஓர் எல்லை போட்டது.

1947இல் உப்பு வரி போயிற்று. 1948இல் சுதந்திர அரசு இன்னும் தாராளமாக, 10 ஏக்கர் வரை உரிமம் இல்லாமலே உப்பு விளைவிக்கலாம் என்றது. முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் வேம்பாரிலும் பாத்தி கட்டியவர்களுக்கு அது பெரிய விஷயம். குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடியில்.

அடுத்து வந்தது அயோடின். அயோடின் குறைந்தால் கழுத்துக்கழலை வரும், கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். இதில் சந்தேகமே இல்லை. 1962இல் தொடங்கிய கழலைத் தடுப்புத் திட்டம் நல்ல நோக்கத்தோடு வந்ததுதான். நாளடைவில் அது அயோடின் கலக்காத உப்பை மனிதர் உண்ண விற்கவே கூடாது என்ற தடையாக வளர்ந்தது. அந்தத் தடை 2000இல் விலக்கப்பட்டது, 2006 மே மாதம் மீண்டும் வந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம், கலப்படத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அப்படி ஒரு விதி போட அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. ஆனாலும் உடனே ரத்து செய்யாமல் அவகாசம் கொடுத்தது. அதற்குள் புதிய உணவுச் சட்டத்தின்கீழ் அதே தடை வந்துவிட்டது.

இப்போது பத்து ஏக்கர்க்காரரின் நிலையைப் பாருங்கள். அவர் உப்பு விளைவிக்க இன்றும் தடையில்லை. விளைந்ததை அப்படியே ஒரு வீட்டுச் சமையலுக்கு விற்கத்தான் முடியாது. அயோடின் தெளிக்கவும் பாக்கெட் போடவும் ஆலை வேண்டும், ஆலைக்குப் பணம் வேண்டும். ஆகவே பாத்தியில் வாரிய உப்பு மூட்டை விலைக்கு ஆலைக்குப் போகிறது. 1948இன் விலக்கை யாரும் ரத்து செய்யவில்லை. விளைவிப்பதில் கொடுத்ததை விற்பதில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஒரு துறை கொடுத்தது, இன்னொரு துறை வேறொரு நல்ல காரணத்துக்காக எடுத்துக்கொண்டது.

4

கோழிக்கும் இதுதான் நடக்கிறது. நாட்டுக்கோழி வளர்க்கச் சொல்லிக் கிராமத்துப் பெண்களுக்கு அரசே குஞ்சு கொடுக்கிறது, பயிற்சி கொடுக்கிறது. கால்நடைத் துறை வளர்ப்பைப் பார்க்கிறது. விற்பனை உணவுத் துறையின் கையில். குஞ்சு வாங்கிய பெண் அதை உயிரோடு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டால் சிக்கலே இல்லை. பைக்கில் இரண்டு பக்கமும் கூடை கட்டி வருபவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டும். சுத்தம் செய்த கறியாக விற்கும்போதுதான் லாபம் அவள் கையில் நிற்கும். அந்தப் படியில்தான் விதி நிற்கிறது.

அந்த விதியும் இறுகிக்கொண்டே வரலாம். 2023இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. கோழியைக் கடையில் அறுக்கக் கூடாது, அறுப்புக்கூடத்தில்தான் அறுக்க வேண்டும் என்பது கோரிக்கை. விதி மீறியதாகப் பல கறிக்கடைகள் மூடப்பட்டிருந்தன. கோழி வியாபாரிகளும் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அங்கே எழுந்த கேள்வி: கோழி ஒரு விலங்கா? ஆம், உணவுச் சட்டப்படி விலங்குதான் என்றது அரசுத் தரப்பு. கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் எழுதிய அறுப்புக்கூட விதி அப்படியே கோழிக்கும் வந்தால் முதலில் காணாமல் போவது யார் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

தமிழ்நாட்டிலும் ஒருமுறை சட்டம் கோழியின் கழுத்துவரை வந்தது. 1950இல் இயற்றி, கிட்டத்தட்ட மறந்தே போயிருந்த விலங்குகள், பறவைகள் பலியிடுதல் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாக அமலாக்கும்படி 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு உத்தரவிட்டது. தெற்கே சுடலைமாடன் கொடை என்றால் கிடாயும் சேவலும் இல்லாமல் நடக்காது. எதிர்ப்பு கிளம்பியது. 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. சாமிக்கு அறுக்கும் சேவலுக்காக ஊரே பேசியது. பக்கத்து வீட்டுக்கு அறுக்கும் பெட்டைக்காகப் பேச யாருமில்லை, ஏனென்றால் அது ஒரு பெண்ணின் முந்தி முடிச்சு மட்டுமே.

5

வெளியே எப்படி என்று ஒரு பார்வை. 1930களின் பொருளாதாரச் சரிவின்போது அமெரிக்காவில் தொழில்தோறும் விதித்தொகுப்பு எழுதினார்கள். நியூயார்க் கோழி வணிகத்துக்கும் ஒன்று வந்தது. அதில் ஒரு விதி: கூண்டிலிருந்து இந்தக் கோழிதான் வேண்டும் என்று பொறுக்கக் கூடாது, கைக்கு வருவதை வாங்க வேண்டும். எட்டயபுரத்தில் நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கிறோமே, அது அங்கே குற்றம்! புரூக்ளினில் யூத முறைப்படி கோழி அறுக்கும் கூடம் நடத்திய ஷெக்டர் சகோதரர்கள் இந்த விதியையும் இன்னும் சிலவற்றையும் மீறியதாகத் தண்டிக்கப்பட்டார்கள். 1935 மே 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ரூஸ்வெல்ட் அரசின் அந்தத் திட்டமே அதோடு சரிந்தது.

அதைவிட நமக்குப் பயன்படுவது பிறகு நடந்தது. 1957இல் அங்கே கோழிக்கறிக்குக் கட்டாய ஆய்வுச் சட்டம் வந்தது, 1968இல் அது விரிந்தது. கூடவே சின்னவர்களுக்கு விலக்கும் வந்தது. தன் பண்ணையில் வளர்த்த கோழியை ஆண்டுக்கு 1,000 வரை தானே அறுத்துத் தன் மாநிலத்துக்குள் விற்கலாம். கூடுதல் நிபந்தனைகளோடு 20,000 வரை போகலாம். அறுக்கும் இடத்தில் அரசு ஆய்வாளர் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இடம் சுத்தமாக இருக்க வேண்டும், கோழி நோயற்றதாக இருக்க வேண்டும், அடுத்தவர் கோழியை வாங்கி விற்கக் கூடாது. ஆய்வாளர் வேண்டாம் என்றார்கள், சுத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நம் 50 என்ற எண்ணை ஆண்டுக் கணக்காக்கினால் அமெரிக்கர்களின் 20,000 பக்கத்தில் வருகிறது. அவர்களிடம் அதற்கும் கீழே 1,000 என்று இன்னொரு படி இருக்கிறது. நம்மிடம் அந்தப் படிதான் இல்லை.

6

இப்போது மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆச்சியின் கை சுத்தமான கைதான். ஆனால் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் ஊர்க்கோழி முழுக்கச் செத்து விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். “சீக்கு வந்துட்டு” என்று தெரிந்ததும், சாவதற்கு முன் அறுத்துவிடலாம் என்று அவசர அவசரமாக விற்றவர்களும் உண்டு. அதை வாங்கித் தின்றவர்களும் உண்டு. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் முதன்முறையாக இந்தியாவில் கண்டறியப்பட்டபோது, தின்பவர் உயிரும் வளர்ப்பவர் பிழைப்பும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. 2019 கணக்கெடுப்பின்படி நாட்டின் சுமார் 85 கோடிக் கோழிகளில் 12 கோடிக்கும் மேல் தமிழ்நாட்டில். இத்தனை கோழி இருக்கும் மாநிலத்தில் விதியே வேண்டாம் என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு.

விதி வேண்டும், அவளுடைய அளவுக்கு எழுதப்பட்ட விதி. மாதத்தில் சில கோழி, தான் வளர்த்தது, தெரிந்தவருக்கு விற்பது என்றால் அதற்கென்று ஒரு தனிப்படி. அதில் நாலே நிபந்தனை போதும்: தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், சீக்குக் கோழியை விற்கக் கூடாது, நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், கழிவைப் புதைக்க வேண்டும். பஞ்சாயத்துக்கு ஒரு சிமெண்டுத் திண்ணையும் குழாயும் வடிகாலும் கட்டிக் கொடுத்தால் பாதி விதி தானாக நிறைவேறிவிடும். உப்பில் விட்ட தவறு இதுதான். நிபந்தனையைப் போட்டார்கள், அதை நிறைவேற்றும் கருவி ஆலைக்காரரிடம் மட்டும் இருந்தது.

குளியாளி தன் பங்கைப் பெற்றது அவர் இல்லாமல் வேலை நடக்காது என்பதால். உப்பு எடுத்தவர்கள் பெற்றது பல்லாயிரம் பேர் சிறை போனதால். கோழிக்காரப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. கறிக்கோழி பண்ணைகளிலிருந்து தினமும் லாரியில் வருகிறது, அவள் இல்லாமலும் ஊர் சாப்பிடும். அவள் ஊர்வலம் போகப் போவதும் இல்லை. ஆகவே எழுதுகிறவர்கள்தான் எழுதும்போது அவளை நினைத்துக்கொள்ள வேண்டும். எந்த வரலாற்றிலும் இது பலவீனமான நம்பிக்கை என்று எனக்கும் தெரியும்.

ஆச்சி போய் வெகுநாளாயிற்று. அவள் பஞ்சாரம் பரணில் கிடக்கிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பக்கத்து வீட்டு அத்தையிடம் நாட்டுக்கோழி கேட்டேன்.

“உயிரோட வேணும்னா புடிச்சிட்டுப் போ. அறுத்துத் தரமாட்டேன்.”

“ஏன் அத்தை?”

“அதுக்கெல்லாம் இப்ப என்னமோ சர்ட்டிபிகேட் வேணுமாம்லா. குழுக் கூட்டத்துல சொன்னாவ.”

நூறு ரூபாய் காகிதம்தான், நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“நா வருசத்துக்குப் பத்துக் கோழி விக்கேன். அதுக்கு எதுக்குய்யா கவர்மெண்டுல போயி பேரு குடுத்துக்கிட்டு?”

கோழியின் காலைக் கட்டி, உயிரோடு என் கையில் கொடுத்தாள்.